எந்த ஆண்டு, யார் எழுதியது?

ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. காலைப் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். புதுநன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் அவர்களைத் தயாரிக்க வேண்டும். தூத்துக்குடி மறைமாவட்டத்தின் ஒரு கடலோரப் பங்கில் 1980களின் கடைசியில் நான் இந்த வேலைக்கு வந்தேன். கையில் இருந்தது மறைமாவட்டம் கொடுத்த பாடநூலும், பாட்டி வைத்திருந்த சின்னக் குறிப்பிடமும்தான். குறிப்பிடம் முழுக்கக் கேள்வியும் பதிலும். பாட்டிக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது; ஆனால் முதல் கேள்வியிலிருந்து கடைசிக் கேள்வி வரை தட்டாமல் சொல்வார்கள்.

பிள்ளைகள் புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டால் பங்குச்சாமியிடம் போக வேண்டும். அவர் ஏதாவது கிளைப்பங்குக்குப் பூசைக்குப் போயிருப்பார். பதில் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போகும். அதற்குள் கேட்ட பிள்ளைக்குக் கேள்வியே மறந்திருக்கும். 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி’ நூலை வெளியிட்டார். அதன் ஆங்கிலப் பதிப்பு 1994இல் வந்தது. 2865 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எங்கள் பங்குக்கு வந்த ஒற்றைப் பிரதி சாமி அறையின் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. அதை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இன்றைய ஆசிரியர்களுக்குச் சொன்னால் புரியாது.

2000ஐ ஒட்டி ஊரில் பிரவுசிங் சென்டர் வந்தது. மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தால் வத்திக்கான் இணையதளம் மெதுவாகத் திறக்கும். பழைய தோல்சுவடியின் நிறத்தில் பின்புலம், நடுவில் திருத்தந்தையின் இலச்சினை. 1995 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய தளம் அது. அமெரிக்காவைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் சகோதரி ஜூடித் சோபெலைன் அதைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர். கணினிகளுக்கு மிக்கேல், கபிரியேல், இரபேல் என்று அதிதூதர்களின் பெயரையே வைத்திருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 16 ஏடுகளும், சுற்றுமடல்களும், திருச்சபைச் சட்டமும் அங்கே கிடைத்தன. அலமாரிக்குள் பூட்டியிருந்த புத்தகமும் இருந்தது, எண் போட்டால் அந்தப் பத்தியே வந்து நின்றது. தேவையான பக்கங்களை அச்செடுத்துக் கோப்பில் போட்டுக்கொள்வேன். பிரதியெடுத்த தாளின் மேல் மூலையில் தேதியும் ஏட்டின் பெயரும் எழுதும் பழக்கம் அப்போது வந்தது. பிறகு அதுவே என் வேலையின் பாதி ஆயிற்று.

ஏன் என்று சொல்கிறேன். அதே காலத்தில்தான் இன்னொரு பெரிய புதையல் கிடைத்தது. நியூயார்க்கில் 1907 முதல் 1912 வரை 15 தொகுதிகளாக வெளிவந்த ‘கத்தோலிக்கக் கலைக்களஞ்சியம்’. நியூ அட்வென்ட் தளத்தை நடத்தும் கெவின் நைட், 1990களில் தன்னார்வலர்களைச் சேர்த்து, அந்தப் பழைய தொகுதிகளைத் தட்டச்சு செய்து வலையேற்றினார். பணம் வாங்காமல் தொகுதி தொகுதியாகத் தட்டச்சு செய்தவர்களை நினைத்தால் இன்றும் கும்பிடத் தோன்றுகிறது. புனிதர் வரலாறு, பொதுச்சங்கங்கள், தப்பறைகள், திருத்தந்தையர் வரிசை என்று எதைத் தேடினாலும் விரிவான கட்டுரை இருக்கும். இன்றும் வரலாற்றுக்கு அதைத் திறக்கிறேன்.

ஆனால் அது முதல் உலகப்போருக்கு முந்தைய புத்தகம். உறுதிபூசுதல் வகுப்பில் இருந்த ஒரு பையன், நற்கருணை வாங்க வேண்டுமானால் நள்ளிரவு முதல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று அதில் படித்துவிட்டு வந்து, வகுப்பு முழுவதையும் கலக்கிவிட்டான். அன்று காலை தேநீர் குடித்துவிட்டு நன்மை வாங்கிய பிள்ளைகள் சாவான பாவம் செய்துவிட்டோமா என்று அழாத குறை. பையன் படித்தது பொய்யல்ல. பாட்டி காலத்தில் அதுதான் சட்டம். 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு விலக்குக் கொடுத்தார். 1957இல் உபவாசத்தை மூன்று மணி நேரமாக்கினார். 1964இல் ஆறாம் பவுல் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். இன்று சட்டத்தில் இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். கரும்பலகையில் மூன்று ஆண்டுகளையும் வரிசையாக எழுதிப் போட்டதும் பையன் தானாகவே, “அப்போ நான் படிச்சது 1953க்கு முந்தினது, டீச்சர்” என்றான். மாறக்கூடிய ஒழுங்கு எது, மாறாத விசுவாசம் எது என்று பாடநூலில் இருந்த தலைப்பு அன்றுதான் அந்த வகுப்புக்குப் புரிந்தது.

இணையத்தின் பெரிய சிக்கல் அதில் பொய் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரியது வேறு. 325இல் நடந்த நிசேயா சங்கத்தின் தீர்மானமும், 1910இல் ஓர் அறிஞர் எழுதிய கட்டுரையும், விமானத்தில் திருத்தந்தை பத்திரிகையாளரிடம் சொன்ன ஒரு வாக்கியமும், யாரோ ஒருவர் நேற்றிரவு எழுதியதும் திரையில் ஒரே எழுத்தளவில், ஒரே வெளிச்சத்தில் தெரிகின்றன. புத்தகமாக இருந்தபோது தாளின் பழுப்பே வயதைச் சொல்லிவிடும். முதல் பக்கத்தைப் புரட்டினால் ஆயரின் ஒப்புதல் இருக்கும். திருச்சபைச் சட்டம் 827இன்படி மறைக்கல்வி நூல் எதுவும் ஆயரின் அனுமதியோடுதான் வெளிவர வேண்டும். திரையில் வயதும் இல்லை, எடையும் இல்லை. அவை இரண்டையும் திரும்ப எடுத்துக் கொடுப்பதுதான் மறைக்கல்வி ஆசிரியரின் வேலை என்று நான் நினைக்கிறேன். எடையை எப்படி அறிவது என்று சங்கமே வழி சொல்லியிருக்கிறது. 1964இல் வந்த திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தின் 25ஆம் எண், ஏடு எத்தகையது, அந்தப் போதனை எத்தனை முறை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது, எந்த முறையில் சொல்லப்பட்டது என்று பார்க்கச் சொல்கிறது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு முதலில் இந்தப் பத்தியைத்தான் படிக்கக் கொடுக்கிறேன்.

2018 ஆகஸ்டில் இதற்கு ஒரு பரீட்சை வந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மரண தண்டனை பற்றி ஒரு விவாதம் வைத்திருந்தோம். ஒரு பெண் பங்கின் புத்தகத்தைத் திறந்து 2267ஆம் எண்ணைப் படித்தாள். உயிர்களைக் காக்க வேறு வழியே இல்லாதபோது அரசு அந்தத் தண்டனையை நாடுவதைத் திருச்சபையின் மரபுப் போதனை விலக்கவில்லை என்று இருந்தது. எதிரணிப் பையன் போனில் அதே 2267ஐப் படித்தான். மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல, அது மனித மாண்பின் மீதான தாக்குதல் என்று இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் தவறு என்றார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் அந்தப் பத்தியை மாற்றியது அந்த மாதம் 2ஆம் தேதிதான் வெளியாகியிருந்தது. இதில் இன்னொன்றும் உண்டு. 1992இல் முதலில் வந்த வடிவம் ஒன்று. 1995இல் ‘வாழ்வின் நற்செய்தி’ சுற்றுமடல் வந்த பிறகு 1997 இலத்தீன் பதிப்பில் திருத்திய வடிவம் இன்னொன்று. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரே திசையில் போதனை நடந்து வந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். அன்று விவாதத்தில் யாருக்கும் பரிசு கொடுக்கவில்லை. மூன்று வடிவங்களையும் எழுதிவரச் சொன்னேன். நான் எடுத்த வகுப்புகளில் மிக நல்லது அதுதான் என்பேன்.

வழிபாட்டில் ஆண்டு மட்டும் பார்த்தால் போதாது, நாடும் பார்க்க வேண்டும். 2022 ஜூலை 3 ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பங்கில் முதல் வாசகம் வாசிக்க வேண்டிய தம்பி, ஆங்கிலத் தளம் ஒன்றைப் பார்த்து எசாயா 66ஆம் அதிகாரத்தைத் தயாரித்து வந்திருந்தான். அழகாகத் தயாரித்திருந்தான், பாவம். பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. உலகத்தின் பெரும்பகுதிக்கு அன்று அதுதான் வாசகம். இந்தியாவில் ஜூலை 3 புனித தோமாவின் பெருவிழா. உலகப் பொது நாட்காட்டியில் அது விழா மட்டுமே, நமக்குப் பெருவிழா. பெருவிழா என்றால் பொதுக்காலத்து ஞாயிறையும் தள்ளிவிட்டு முன்னால் வரும். நற்செய்தி யோவான் 20, ஆண்டவரின் காயங்களில் விரல் இட வேண்டும் என்று தோமா கேட்ட பகுதி. தம்பியிடம் சக்கரிஸ்தியில் வாசக நூலைத் திறந்து காட்டிப் பத்து நிமிடத்தில் சரிசெய்தோம். அடுத்த ஆண்டே மறுபக்கமும் வந்தது. 2023 டிசம்பர் 3 புனித சவேரியார் பெருவிழா, அதுவும் ஞாயிறு. ஆனால் அன்று திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு. அந்த ஞாயிறுக்கு முன்னால் எந்தப் புனிதரின் பெருவிழாவும் நிற்காது. இந்த வரிசைமுறை திருவழிபாட்டு நாட்காட்டியின் விதிகளில் ஒரு அட்டவணையாகவே இருக்கிறது. பீடச்சிறுவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தால் பிரியமாகப் படிக்கிறார்கள். எது எதை முந்தும் என்று பந்தயம் வைக்கிறார்கள்.

வாட்ஸ்அப் வந்த பிறகு அன்பியக் குழுக்களில் செபங்கள் குவிந்தன. அசிசி பிரான்சிஸின் அமைதிச் செபம் என்று எல்லோரும் பாடும் செபம் இருக்கிறதே, அது பிரான்சிஸ் எழுதியதல்ல. அவர் இறந்தது 1226. அந்தச் செபம் முதன்முதலில் அச்சில் தெரிவது 1912இல், பாரிஸில் வந்த ஒரு சிறிய பிரெஞ்சுப் பக்தி இதழில், பெயர் போடாமல். பின்னால் பிரான்சிஸின் படத்துக்குப் பின்பக்கம் அச்சிட்டார்கள், படம் பெயராகிவிட்டது. இதைச் சொன்னபோது எங்கள் மரியாயின் சேனை அம்மா ஒருவர் வருத்தப்பட்டார். “அப்போ இனிமே சொல்லக் கூடாதா டீச்சர்?” நல்ல செபம், தாராளமாகச் சொல்லுங்கள் அக்கா என்றேன், பிரான்சிஸே எழுதியது வேண்டுமானால் படைப்புகளின் பாடல் இருக்கிறது, 2015இல் வந்த சுற்றுமடலுக்குத் திருத்தந்தை அதிலிருந்துதான் பெயர் எடுத்தார் என்று அதையும் அனுப்பினேன். புனித பிரிஜித்தாவின் 15 செபங்களைச் சொன்னால் இத்தனை ஆன்மாக்கள் மீட்கப்படும் என்று கூட வரும் வாக்குறுதிப் பட்டியல் வேறு வகை. அந்த வாக்குறுதிகளை நம்ப வேண்டாம் என்று உரோமையே 1954இல் எச்சரித்தது. அங்கே நான் தயவு காட்டுவதில்லை. கணக்குப் போட்டு மோட்சம் வாங்கலாம் என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் அதை மாற்ற வெகுகாலம் ஆகும்.

இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்று எனக்கு உறைத்தது ஒரு தாயால். அவளுக்குப் புதுநன்மைப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். முதல் பிரசவம். குழந்தை இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டது, திருமுழுக்குக் கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். போனை நீட்டினாள். ஆங்கிலப் பக்கம் ஒன்றை இயந்திரம் தமிழாக்கியிருந்தது. ‘லிம்போ’ என்ற தலைப்பு. திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகள் கடவுளை ஒருபோதும் காணமாட்டார்கள் என்று கொச்சைத் தமிழில் ஓடியது. “எம் பிள்ளை இப்ப எங்க டீச்சர் இருக்கும்?” என்றாள். இராத்திரி முழுக்க அதையே படித்திருக்கிறாள்.

கீழே இறக்கிப் பார்த்தேன். நூறாண்டுக்கு முந்தைய கட்டுரையை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள், ஆண்டைச் சொல்லாமல். லிம்போ என்பது இறையியலாளர் பல நூற்றாண்டு சொல்லிவந்த கருத்து. எந்தச் சங்கமும் எந்தத் திருத்தந்தையும் அதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. மறைக்கல்வி நூலின் 1261ஆம் எண்ணை எடுத்து அவளுக்கு மெதுவாகத் தமிழில் சொன்னேன். இந்தக் குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டும் என்று விரும்பும் இறைவனின் இரக்கமும், சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்று சொன்ன இயேசுவின் கனிவும் நம்பிக்கை கொள்ள நமக்கு இடம் தருகின்றன. 2007இல் அனைத்துலக இறையியல் ஆணையம் இதையே நீண்ட ஆய்வாக வெளியிட்டது. பதினாறாம் பெனடிக்ட் அதற்கு அனுமதி கொடுத்தார். அந்த ஆய்வு உறுதியாகத் தெரியும் என்று சொல்லவில்லை, நம்பிக்கைக்குத் தக்க காரணம் இருக்கிறது என்கிறது. அவளிடமும் அந்த அளவுக்குத்தான் சொன்னேன். ஆறுதலுக்காகத் திருச்சபை சொல்லாததைச் சேர்த்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லியிருப்பதே அவளுக்குப் போதுமானதாகவும் இருந்தது.

அவள் மாமியார், முழுக்குப் பெறாத பிள்ளைக்குக் கோயிலில் எதுவும் கிடையாது என்று சொல்லி, செபமே இல்லாமல் அடக்கம் செய்திருந்தார்கள். சட்டம் 1183, பெற்றோர் திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்து அதற்குள் இறந்த குழந்தைக்கு ஆயர் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாம் என்கிறது. திருப்பலி நூலில் திருமுழுக்குக்கு முன் இறந்த குழந்தைக்கென்றே மன்றாட்டு இருக்கிறது. அதைப் பங்குத்தந்தையிடம் கொண்டுபோனோம்; அந்த வாரமே குடும்பத்தோடு திருப்பலி நடந்தது. நான் அன்று வாதத்துக்கு எடுத்த எல்லாவற்றிலும் அந்த மன்றாட்டுக்குத்தான் அதிக வலு என்று நினைக்கிறேன். நம்பிக்கையே இல்லாத ஒன்றுக்காகத் திருச்சபை பீடத்தில் நின்று செபிக்காது. ஆபத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பதை அவளிடம் அன்று சொல்லவில்லை. அதைக் கர்ப்பிணிகளின் குடும்பங்களுக்கு முன்கூட்டியே அன்பியத்தில் சொல்லிவைக்கிறோம்.

2020 ஊரடங்கில் கோயில் பூட்டியிருந்தபோது எல்லோரும் திரைக்கு வந்தார்கள். மார்ச் 27 மாலை மழையில், ஆளில்லாத பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் நற்கருணை ஆசி கொடுத்ததை எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் பார்த்தார்கள். மாதா தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் தினமும் திருப்பலி. அப்போது, போனுக்கு முன்னால் அப்பத்தை வைத்தால் வசீகரமாகுமா என்று கேட்டவர்கள் உண்டு. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று 2002லேயே ‘திருச்சபையும் இணையமும்’ என்ற வத்திக்கான் ஏடு சொல்லிவிட்டது. அந்த வரியைத் தமிழாக்கி எல்லாக் குழுக்களிலும் போட்டோம். கூடவே ஆசை நன்மைச் செபத்தையும்.

தமிழில் முன்பைவிட நிறையக் கிடைக்கிறது. திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு முழுவதும் விக்கிமூலத்தில் இருக்கிறது. எழுத்துரு ஊருக்கு ஊர் வேறாக இருந்து, அனுப்பிய கோப்பு கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு ஒருங்குறியின் அருமை தெரியும். வத்திக்கான் செய்திகள் தமிழில் தினமும் வருகின்றன. வேரித்தாஸ் வானொலி 2018இல் சிற்றலையை நிறுத்தி முழுக்க இணையத்துக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வெளியீடுகளைத் தேடுகிறவர்களுக்கு நூலகம் தளம். தேம்பாவணிக்கு மதுரைத் திட்டம். வரலாற்றுப் பாடத்துக்கு நான் காட்டுவது 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் படம். எங்கள் கடற்கரையில் உழைத்து 1600இல் புன்னைக்காயலில் இறந்த என்ரிக்கே என்ரீக்கஸ் அடிகளார் தயாரித்த 16 பக்கச் சிறு நூல். இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகமே மறைக்கல்விப் புத்தகம் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாத அந்த வரிகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்க்கச் சொல்வேன். இப்படிப்பட்ட பழைய அச்சுகளைத் தேடித் தனிநாயகம் அடிகள் 1950களில் ஐரோப்பிய நூலகங்களை ஏறி இறங்கினார். இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறது.

இப்போது பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுவிட்டு வருகிறார்கள். மறைக்கல்வி நூலின் எண்ணோடு பதில் வருகிறது. எண்ணைத் திறந்தால் சில நேரம் அங்கே வேறு விஷயம் இருக்கிறது. எண்ணைத் திறந்து பார்க்காமல் வகுப்பில் பேசக் கூடாது என்று வைத்திருக்கிறோம். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் ஏற்றிய கார்லோ அகுதிசை 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக அறிவித்த பிறகு, எங்கள் இளைஞர்களுக்கும் அப்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. புனித தேவசகாயத்தின் 1745 திருமுழுக்கிலிருந்து 2022 புனிதர் பட்டம் வரை, எந்தச் செய்தி எந்த ஏட்டிலிருந்து என்ற குறிப்போடு ஒரு தொகுப்புத் தயாரிக்கிறார்கள். வடக்கன்குளத்துக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நேரில் போய்ப் படம் எடுத்து வந்தார்கள்.

நாங்கள் ஆசிரியர்கள் சிலர் வேறொன்று செய்கிறோம். ஆங்கிலம் தெரியாத அம்மாக்கள் இராத்திரியில் போனில் தேடும் கேள்விகளுக்குத் தமிழில் அரைப் பக்கப் பதில். ஒவ்வொன்றின் அடியிலும் ஏட்டின் பெயர், எண், ஆண்டு. பங்குத்தந்தை படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுப்புகிறோம். திருமுழுக்குப் பகுதி முடிந்தது. இப்போது திருமணம். மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. என்றால் சட்டம் 1124, ஆயரின் அனுமதி வேண்டும். திருமுழுக்கே பெறாதவர் என்றால் 1086, அது தடை. விலக்குப் பெறாவிட்டால் திருமணமே செல்லாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிய பக்கங்கள் நிறைய இருப்பதால் அவற்றைத் தனித்தனித் தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். முதல் தாள் சாமியிடம் இருக்கிறது.